கடைசிச் சொட்டையும் வடித்துவிட்டு

ஒன்ராறியோவின் வடக்கே ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையோடு ஒரு பருவம் முடிந்துபோகிறது. அன்று நன்றி தெரிவிக்கும் நாள். அந்த நீண்ட வார இறுதி கழிந்ததும் மாகாணப் பூங்காக்களின் முகாம்கள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே சில இடங்களில் தண்ணீர்க் குழாய்களை மூடிவிடுவார்கள், இரவில் உறைந்து வெடித்துவிடும் என்று. சுப்பீரியர் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள அகாவா விரிகுடா முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்த நாட்களில்தான். அக்கா, அத்தான், நான், அவர்களுடைய ஆர்வி.

ஆர்வி என்று இங்கே எல்லாரும் சொல்வது ஓடும் வீட்டை. அத்தானுடையது ‘கிளாஸ் சி’ வகை. ஃபோர்ட் ஈ-450 வாகனத்தின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பெட்டி வீடு. சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். 25 அடி நீளத்துக்குள் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, குளிக்கும் இடம், மேசை, கட்டில் எல்லாம் அடக்கம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவியதும் குளித்ததுமான தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் விரல் பருமனில் குழாய்கள் ஓடுகின்றன. விற்பவர்கள் இயந்திரத்தின் வலுவையும் மெத்தையின் மென்மையையும் காட்டுவார்கள். குளிர்நாட்டில் இந்த வீடு எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழாய்கள்தான்.

சுப்பீரியர் 82,100 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. இலங்கை முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். ஆழமான இடத்தில் 406 மீற்றர். கரையில் நின்றால் உப்பு வாசம் இல்லாத கடல் என்றுதான் தோன்றும். அலை, இரைச்சல், தொடுவானம் எல்லாம் கடலுக்குரியவை. குனிந்து அள்ளி வாயில் வைத்தால் தித்திக்கும் குளிர்ந்த தண்ணீர். அனிஷினாபே மக்கள் கிச்சிகமி என்று அழைக்கும் இந்த ஏரியோரத்தில், முகாமிலிருந்து சற்று வடக்கே, அகாவாப் பாறை செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. அதன் முகத்தில் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. கொம்பும் முதுகு முட்களும் கொண்ட மிஷிபெஷு என்னும் நீர்ப் பூனை, அதன் அருகே தோணியில் போகும் மனிதர்கள். ஏரியை ஆள்வது அது. அதன் மனம் அறிந்துதான் தோணி விட வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓவியங்களைக் கிட்டப் பார்க்க வேண்டுமானால் நீரை ஒட்டிய சரிந்த பாறை விளிம்பில் நடக்க வேண்டும். நாங்கள் போனபோது அலை அந்த விளிம்பை நனைத்துக்கொண்டிருந்தது. மேலே நின்று திரும்பிவிட்டோம். அப்படித் திரும்புவதுதான் அந்த ஓவியத்துக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் பட்டது.

இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. பொழுது சாயும் முன்பே அத்தான் வெளித் தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டி உள்ளே போட்டிருந்தார். நிலத்தில் கிடக்கும் குழாய்தான் முதலில் உறையும். வெப்பமூட்டி காஸில் ஓடியது. அதன் சூட்டில் ஒரு பங்கு தொட்டிகள் இருக்கும் அறைக்கும் போகும். அதனால் ஆள் தங்கியிருக்கும் இரவுகளில் பயமில்லை. ஆளில்லாமல் அடுப்பணைந்து கிடக்கப்போகும் மாதங்களைப் பற்றித்தான் அவருக்கு யோசனை.

“இனிக் கொண்டுபோய்ப் படுக்கப் போடுறதுதான் தம்பி. ஆனா பிழையாப் படுக்கப் போட்டா, சித்திரையில எழும்பாது,” என்றார்.

மற்றப் பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீர் 4 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் அப்படி. அதற்குக் கீழே குளிர்ந்தால் மெல்ல விரியத் தொடங்கும். உறையும் கணத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்துவிடும். பெருத்ததனால் பனிக்கட்டி இலேசாகி மேலே மிதக்கிறது. ஏரி மேலிருந்து கீழாக உறைவது இதனால்தான். 2014 மாரியில் சுப்பீரியரின் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பனிக்கட்டி மூடியது. அதற்குக் கீழே திரவமாகவே இருந்த நீரில் மீன்கள் உயிரோடு இருந்தன. தண்ணீர் மற்றப் பொருள்களைப் போல உறைந்து அடியில் அமிழுமானால் குளிர்நாட்டு ஏரிகளில் உயிர் தங்கியிராது. அதே 9 சதவீதம்தான் ஆர்வியின் குழாய் மூட்டையும் பம்பையும் பிளக்கிறது. ஏரிக்கு விரிய இடமிருக்கிறது. மூடிய குழாய்க்கு இல்லை. பனிக்கட்டி ஒரு பக்கமிருந்து வளர்ந்து வரும்போது, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர் நெருக்குண்டு வெடிக்கும். பல வேளைகளில் குழாய் வெடிப்பது உறைந்த இடத்திலே அல்ல, உறையாத தண்ணீர் அகப்பட்ட இடத்திலே. இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால், அதன்பின் செய்யும் வேலை எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே தெரியும்.

காலையில் முகாமின் கழிவகற்றும் இடத்தில் முதல் வேலை நடந்தது. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். அது முடிந்த பின்புதான் கழுவு நீர்த் தொட்டி. அப்போது சோப்புத் தண்ணீரே கழிவுக் குழாயை அலசிக்கொண்டு போகும். வீடு போய்ச் செய்யலாம் என்று இதைப் பின்போடுகிறவர்கள் உண்டு. நகரத்தில் கழிவகற்ற இடம் தேடி அலைய நேரும், அதற்குள் குளிர் முந்திக்கொள்ளும். அத்தான் கையுறை போட்டு, தொட்டியை இரண்டு தரம் நல்ல தண்ணீர் நிரப்பி வடித்தார். யாரும் படம் எடுக்காத வேலை இது. பயணம் என்பதற்குள் இதுவும் அடங்கும்.

17ஆம் நெடுஞ்சாலை ஏரியை விட்டு விலகாமல் தெற்கே இறங்குகிறது. இந்தச் சாலை முழுமையாகத் திறந்தது 1960இல்தான். அதுவரை சூ செயின்ற் மரிக்கும் வாவாவுக்கும் இடையில் காரில் போக வழி இல்லை. இலையுதிர் காலம் உச்சம் தாண்டியிருந்தது. மேப்பிள்கள் மொட்டையாகி, பேர்ச் மரங்களிலும் தாமராக் மரங்களிலும் மட்டும் மஞ்சள் மிஞ்சியிருந்தது. பான்கேக் விரிகுடாவில் வண்டியை நிறுத்தி, மேட்டிலிருந்து நீரைப் பார்க்கும் தளத்துக்கு நடந்தோம். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய நீர்ப்பரப்பு அந்தப் பக்கம்தான். 222 மீற்றர் நீளமான கப்பல். இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு வந்தது. 1975 நவம்பர் 10ஆம் திகதி மாலைப் புயலில் 29 பேரோடு போய்விட்டது. ஒருவரும் தப்பவில்லை. அக்கா அந்தத் தளத்தில் நெடுநேரம் பேசாமல் நின்றா. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் எங்கள் ஊரிலும் இருந்தன.

சூ செயின்ற் மரியில் சுப்பீரியரின் தண்ணீர் சென்ற் மேரிஸ் ஆற்றின் வழியாகக் கீழ் ஏரிகளுக்கு இறங்குகிறது. கப்பல்களை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் ஆற்றின் இரு கரையிலும் உண்டு. 1895இல் திறந்த கனடாப் பக்கத்துப் பூட்டு இப்போது சிறிய படகுகளுக்கு மட்டும். பெரிய கப்பல்கள் போவது அமெரிக்கப் பக்கத்தால். அந்தப் பூட்டுகள் ஆண்டுதோறும் ஜனவரி 15ஆம் திகதி மூடி மார்ச் 25ஆம் திகதி திறக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் ஏரிக் கப்பல்கள் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கும். வருடம் முழுக்க ஓடியதில் தேய்ந்ததை எல்லாம் அப்போதுதான் பழுது பார்ப்பார்கள். பூட்டின் கதவுகளையும் அப்படியே. பாலத்துக்குக் கீழே நீண்ட சரக்குக் கப்பல் ஒன்று போனதைப் பார்த்துக்கொண்டே, இந்த நாட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் ஒரு படுக்கைக் காலம் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஓய்வு கொடுப்பதையும் ஒரு வேலையாக எண்ணி, நாள் குறித்து, முறை வகுத்துச் செய்கிறார்கள்.

அங்கிருந்து ரொறொன்ரோவுக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர். சட்பரியில் பெற்றோல், பரி சவுண்டில் கோப்பி. சொல்ல வேறொன்றும் இல்லை.

ஸ்காபரோவில் வீட்டு முற்றத்தில் ஆர்வியை நிறுத்தியதும் அக்கா அலுமாரிகளைத் திறந்தா. அரிசி, பருப்பு, மா, மிளகாய்த்தூள், சீனி, தேயிலை எல்லாம் வெளியே வந்தன. பற்பசையும் சவர்க்காரமும்கூட. “ஒண்டையும் விடாதே. எலிக்கு இதெல்லாம் சாப்பாடுதான்,” என்றா. பென்சில் பருமனான ஓட்டை இருந்தால் சுண்டெலி உள்ளே வந்துவிடும். மாரி வந்ததும் அது தேடுவது காய்ந்த, காற்றில்லாத இடம். மெத்தைப் பஞ்சு அதற்குக் கூடு கட்ட வாய்ப்பு. வயர்களின் உறையையும் அரித்துவிடும். குழாயும் வயரும் தரையைத் துளைத்துப் போகும் இடங்களை எல்லாம் ரோச் லைற் பிடித்துத் தேடி, இரும்புக் கம்பிப் பஞ்சை அடைத்தோம். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, கதவு சாத்தாமல் துவாய் ஒன்றை மடித்து இடையில் வைத்தா. மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்தோம், அடியில் காற்றுப் போகட்டும் என்று.

அடுத்த நாள் தண்ணீர் வேலை. சுடுதண்ணீர்த் தொட்டியை முதல் நாளே அணைத்து ஆறவிட்டிருந்தோம். சூட்டோடும் அழுத்தத்தோடும் அடைப்பைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அத்தான் முதலில் அழுத்தம் விடும் வால்வை நெம்பினார், பிறகு சாவி போட்டு அடைப்பைக் கழற்றினார். அடைப்போடு ஒட்டி ஒரு நீண்ட கம்பி வெளியே வந்தது, கறையான் அரித்த தடி போல. அது மக்னீசியக் கம்பி. உருக்குத் தொட்டியைத் துரு தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுப்பதற்காகவே அதை உள்ளே வைக்கிறார்கள். மக்னீசியம் உருக்கைவிட எளிதில் அரிபடும் உலோகம். அது இருக்கும் வரை அரிப்பெல்லாம் அதன் மேல்தான் விழும். முக்கால் பங்கு கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். அந்தக் கம்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் கோடை முழுதும் குளித்த சுடுதண்ணீரின் கணக்கு அதில் பள்ளம் பள்ளமாக எழுதியிருந்தது.

வாகனத்தின் அடியில் இரண்டு சிறிய குழாய்கள் தொங்கும், சுடுதண்ணீருக்குச் சிவப்பு, பச்சைத்தண்ணீருக்கு நீலம். குழாய்த் தொகுதியில் ஆகத் தாழ்வான இடம் அதுதான். மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாத் திருகையும் திறந்துவிட்டால் தண்ணீர் தன் பாரத்தில் தானே வடியும். ஆனால் முழுதும் வடியாது. வளைவுகளிலும் மூட்டுகளிலும் தங்கிநிற்கும். அதைத் துரத்தக் காற்று வேண்டும். கொம்பிரசரை வெளி இணைப்பில் மாட்டி, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் போனால் காற்றே மூட்டுகளைக் கழற்றிவிடும். நான் உள்ளே ஒவ்வொரு திருகாகத் திறந்து மூடினேன்.

“சமையல் சிங்க் முடிஞ்சுது அத்தான்.”

“சுடுதண்ணி, பச்சைத்தண்ணி ரெண்டும் திறந்தனியோ?”

“ஓம்.”

“கக்கூஸ் பெடலையும் மிதி. பிறகு வெளிச் சவரை மறந்திடாதே. கனபேர் அதைத்தான் விடுறவை.”

வாகனத்தின் பக்கவாட்டில், சின்னக் கதவொன்றுக்குள், மணல் கால் கழுவுவதற்காக ஒரு குளிப்புக் குழாய் இருக்கிறது. கோடையில் ஒரு தரமோ இரண்டு தரமோ பாவித்திருப்போம். அதிலிருந்து சீறிக்கொண்டு அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது. அந்த அரைக் கோப்பை போதும், சுவருக்குள் ஒரு மூட்டைப் பிளக்க. பிளந்தது மாரி முழுதும் தெரியாது. வசந்தத்தில் பம்பைப் போட்டதும்தான் சுவருக்குள் தண்ணீர் பாயும்.

காற்றோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கக்கூடிய நாட்டில் அது போதாது என்பதில் அத்தான் உறுதியாக இருந்தார். நானும் அவர் பக்கம். இளஞ்சிவப்பு நிறத்தில் போத்தலில் விற்கும் உறைதடுப்பு நீர்மம் இருக்கிறது. அது புரொப்பிலீன் கிளைக்கோல், உணவுப் பொருள்களிலும் சேர்க்க அனுமதித்த ஒன்று. இயந்திரத்துக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் வேறு, அது நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் விடக் கூடாது. போத்தலில் மைனஸ் 50 என்று போட்டிருக்கும். அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். ஆனால் கூழ் குழாயைப் பிளக்காது. அந்த எண் சொல்வது குழாய் பிளக்கும் எல்லையை. தண்ணீர் கலந்தால் இந்தப் பலம் குறையும். முதலில் வடித்து, ஊதி, அதன் பிறகு இதை விடுவது அதனால்தான். சுடுதண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போகும் வால்வைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பத் தேவைப்படும் 6 கலன் நீர்மமும் வீண்.

பம்பின் வாயில் சிறு குழாயை மாட்டி மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டார். பம்பு உறுமியது. நான் ஆகக் கிட்டவுள்ள திருகிலிருந்து தூரத்தில் உள்ளதற்குப் போனேன். முதலில் காற்று துப்பும், பிறகு நிறமற்ற தண்ணீர் கொஞ்சம், பிறகு வெளிறிய சிவப்பு, பிறகு நல்ல சிவப்பு.

“அத்தான், இது காணுமோ?”

“காணாது. நிறம் வடிவா வரட்டும்.”

வடிவாக வந்தது. கழிப்பறைக் கிண்ணத்திலும் குளியல் வடிகாலிலும் சிங்குக்குக் கீழேயுள்ள வளைந்த குழாயிலும் ஒவ்வொரு கோப்பை ஊற்றினோம். வடிகால் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், தொட்டியின் நாற்றம் மேலே வராமல் தடுக்கும் தண்ணீர். அதுவும் உறையும். எல்லாம் முடிந்த பின் பம்பை நிறுத்தி, திருகுகளைத் திறந்தபடியே விட்டோம். எங்காவது கொஞ்சம் உறைந்தாலும் நெருக்குண்டு நிற்காமல் போக ஒரு வழி இருக்கும்.

பணம் கொடுத்தால் இவ்வளவையும் கடைக்காரர் செய்து தருவார். உடம்புக்கு முடியாதவர்களுக்கு அதுதான் சரி. முடிந்தவர்கள் ஒரு தரமாவது தாங்களே செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கோடை முழுதும் அந்த வாகனத்தில் படுத்து எழும்பினேன். ஆனால் அதற்குள் தண்ணீர் எங்கே நுழைந்து, எங்கே பிரிந்து, எங்கே சூடாகி, எங்கே தங்குகிறது என்பது அந்த ஒரு பகலில்தான் எனக்குத் தெரிந்தது. காட்டு வழியில் ஏதாவது ஒழுகினால் எந்தப் பலகையைக் கழற்ற வேண்டும் என்று இப்போது சொல்வேன்.

மிச்ச வேலைகளுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். பற்றரியைக் கழற்றி வீட்டு நிலவறையில் வைத்தோம். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமிலப் பற்றரி பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. சார்ஜ் இறங்கிப்போனது பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையிலேயே உறைந்து வெடிக்கும். வாகனத்தில் விட்டால் காஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இரவும் பகலும் உறிஞ்சி அதை இறக்கிவிடும். பெற்றோல் தொட்டியை நிரப்பி, பெற்றோல் கெடாமல் காக்கும் நீர்மத்தை விட்டு, அது இயந்திரத்துக்குள்ளும் ஜெனரேற்றருக்குள்ளும் போய்ச் சேரும் வரை இரண்டையும் ஓடவிட்டோம். அத்தான் ஏணி வைத்துக் கூரையில் ஏறி, காற்றோட்டத் துளைகளைச் சுற்றியுள்ள பசையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தது. தண்ணீர் அதற்குள் இறங்கி உறைந்து விரிந்தால் வெடிப்பு வளரும், பனி உருகினால் இன்னும் ஆழம் போகும். புதுப் பசை பூசி, காயும் வரை கீழே இறங்காமல் பக்கத்தில் இருந்தார்.

மாரிக்கு ஆர்வியை விடும் இடம் ரொறொன்ரோவுக்கு வடக்கே ஒரு சோளப் பண்ணை. அறுவடை முடிந்த நிலத்தின் ஓரத்தில் சரளைக்கல் பரப்பி, வரிசையாக இடம் குறித்து வாடகைக்கு விடுகிறார்கள். படகுகள், இழுவை வீடுகள், எங்களுடையதைப் போன்றவை. பக்கத்து இடத்தில் ஒரு வயதான தம்பதி தங்கள் வாகனத்தின் ரயர்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்களைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “வெளிச் சவரை ஊதினீர்களா?” என்பது. அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். ரயர்களுக்குக் காற்றை முழு அளவுக்கு ஏற்றி, பலகைகளின் மேல் நிறுத்தினோம். காஸ் சிலிண்டரின் வால்வை மூடினோம். காற்றுப் போகும் துணியால் மேலே போர்த்திக் கட்டினோம். பிளாஸ்ரிக் தாள் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

திரும்பும் வழியில் அக்காவின் காரில் அடுத்த வருடத்துப் பேச்சு தொடங்கிவிட்டது. வாவாவைத் தாண்டி இன்னும் வடக்கே, மரத்தன் ஊருக்கும் அப்பால், நீஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர்க் கைதிகளை வைத்திருந்த முகாம் அங்கேதான் இருந்தது. அதன் கரையிலிருந்து பார்த்தால் பிக் தீவு தெரியும். எழுவர் குழு ஓவியர்களில் ஒருவரான லோரன் ஹரிஸ் 1920களில் வரைந்த தீவு. அக்காவுக்கு அதைப் பார்க்க வேண்டும். மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பிருந்தே இடம் பதியலாம், காலை 7 மணிக்குத் திறப்பார்கள். ஜூன் நடுப்பகுதிக்கு இடம் வேண்டுமென்றால் ஜனவரி நடுப்பகுதியில் விடிய எழும்ப வேண்டும்.

“தண்ணிக்குக் கிட்ட உள்ள இடமாப் பார்த்துப் போடு தம்பி,” என்றா அக்கா. “அத்தான் அலாரத்தை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திடுவார். நீதான் எழும்ப வேணும்.”